கரை எவ்வளவு தாங்கும்? அணுமின்சாரமும் வடசென்னையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். கேள்வி பதில் பகுதியும் இடையே சொன்ன கிளைச் செய்திகள் சிலவும் நீக்கப்பட்டுள்ளன.)



அணுமின்சாரமும் நாளைய ஆற்றலும் என்ற பொருளில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொருத்தமான நேரம்தான். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ‘சாந்தி’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும் 2010ஆம் ஆண்டின் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டமும் அதோடு விடைபெற்றன. தனியார் நிறுவனங்கள் அணு உலை கட்டி நடத்த வழி திறந்திருக்கிறது. 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்பது ஒன்றிய அரசின் இலக்கு. இன்று நாட்டில் இருப்பது 9,000 மெகாவாட்டைத் தொடாத அளவு. பல மடங்கு பெருக்கப்போகிறார்கள் என்றால் அது எங்கேயோ ஓர் இடத்தில் நடந்தாக வேண்டும். அந்த ‘எங்கேயோ’ பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அணுமின்சாரம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் நாற்பது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் வாதாடி வருகிறார்கள். இரு தரப்பின் எழுத்துகளையும் மதித்துப் படித்தவன் நான். இரண்டிலும் எரிபொருளைப் பற்றிய பேச்சு நிறைய உண்டு. யுரேனியமா, நிலக்கரியா, சூரியனா, காற்றா, எது மலிவு, எது தூய்மை என்பார்கள். இடத்தைப் பற்றிய பேச்சு குறைவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் எதிலிருந்து வரவேண்டும் என்று முடிவு செய்யும் முன், அது வந்து இறங்கப்போகும் கரை ஏற்கெனவே எவ்வளவு சுமக்கிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று அளந்தாக வேண்டும். அந்த அளவு சட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். இது நடக்காதவரை, நிலக்கரி போய் அணு வந்தாலும், அணு போய் வேறொன்று வந்தாலும், சுமை அதே கரைகளின் மேல்தான் ஏறும். இதைக் காட்ட எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று, எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளி.

1. வடக்கே நகர்ந்த கோடு

சென்னையின் மின்சார வரலாற்றைத் தரைப்படத்தில் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் போகும். 1895இல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசின் பிரிட்ஜில் நிலக்கரி மின்நிலையம் வந்தது. ராயபுரத்துக்கும் வியாசர்பாடிக்கும் புகை, நகரம் முழுமைக்கும் விளக்கு. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி 450 மெகாவாட் வரை வளர்ந்தது. 1994 முதல் கொசஸ்தலை ஆற்றுக்கு அப்பால் வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட். 2001இல் எண்ணூர் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். அது முதலில் கட்டப்பட்டதே இந்த அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான். ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் போய், கப்பலேறி இங்கே வந்து இறங்குகிறது.

அதற்கப்புறம் வேகம் கூடியது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை. 2012 முதல் தேசிய அனல்மின் கழகமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்தும் வல்லூர் நிலையம், மூன்று அலகுகளில் 1,500 மெகாவாட். அதே காலத்தில் வடசென்னையின் இரண்டாம் நிலை 1,200 மெகாவாட். 2013இல் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தோடு தனியார் துறைமுகம். 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 2024 மார்ச்சில் வடசென்னை மூன்றாம் நிலை 800 மெகாவாட். எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கட்டப்பட்டு வருகின்றன. அந்தக் கட்டுமானத்தில்தான் 2025 செப்டம்பர் 30ஆம் தேதி சாரம் சரிந்து, வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஒரே கரையில் அடுத்தடுத்து இத்தனை வந்ததற்குக் காரணம் புரியாததல்ல. கடல் இருக்கிறது, குளிர்விக்கத் தண்ணீர் இருக்கிறது. ரயில் பாதை இருக்கிறது. புறம்போக்கு என்று எழுதிவைத்த நிலம் இருக்கிறது. முதல் நிலையத்துக்குப் போட்ட மின்கோபுரத் தடம் இரண்டாவதைக் கூப்பிடுகிறது. இரண்டாவதற்குப் போட்ட சாலை மூன்றாவதைக் கூப்பிடுகிறது. ஏற்கெனவே கெட்ட இடம்தானே என்ற எண்ணமும் அதிகாரிகளின் மனத்தில் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

காட்டுப்பள்ளி எப்படிப்பட்ட நிலம் என்பதை வெளியூரார் பலர் அறியமாட்டார்கள். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையின் நீர்ப்பரப்பும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. இவற்றுக்கு நடுவே நீண்டு கிடக்கும் மெல்லிய மணல்திட்டு அது. கடலின் சீற்றத்தை முதலில் வாங்கிக்கொள்வதும், மழைவெள்ளம் பரவி நின்று வடிய இடம் தருவதும் இதன் இயல்பு. துறைமுகத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் இடம் பெயர்க்கப்பட்டன. வேலை நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் இந்த அவையில் பலருக்கு நினைவிருக்கும்.

2. அனுமதி தனித்தனி, சுமை ஒன்றே

இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் சட்டப்படி அனுமதி பெற்றே வந்தது என்று சொல்வார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சூழல் தாக்க அறிக்கை. ஒரு பருவத்துத் தரவு எடுத்தால் போதும் என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்த அறிக்கையில் புதிதாக வரும் ஆலை மட்டும் கணக்கில் ஏறும். பக்கத்து ஆலை, அதற்கும் பக்கத்துத் துறைமுகம், ஏற்கெனவே ஆற்றில் படிந்த சாம்பல் எல்லாம் ‘தற்போதைய நிலை’ என்ற தலைப்பின் கீழ் போய்விடும். முன்னவர்கள் செய்த கேடு அடுத்தவருக்குத் தொடக்கப் புள்ளியாகிவிடுகிறது.

சாம்பலை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். வடசென்னையின் முதல் இரு நிலைகளும் வல்லூரும் சேர்ந்து 3,330 மெகாவாட். ஆண்டு முழுதும் சராசரியாக 60 விழுக்காடு அளவில் இயங்குவதாகக் கொண்டால் சுமார் 1,750 கோடி யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி என்று கணக்கிட்டால் ஒரு கோடியே இருபது லட்சம் டன் நிலக்கரி. அதில் 35 விழுக்காடு சாம்பல் என்றால் 42 லட்சம் டன். இது ஓராண்டுக்கு மட்டும். இதில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைக்கும் செங்கலுக்கும் போகிறது. மீதி கடல்நீரில் கலந்து குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் கழிமுகத்தைத் தாண்டிச் செல்கின்றன. ஆண்டுக்கணக்கில் அவை உடைந்து கசிந்ததால் ஆற்றுப்படுகை மேடாகிவிட்டது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடங்களில் இன்று இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை என்று முகத்துவாரக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் உள்ள பெரியவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள். மடவையும் எறாலும் நண்டும் மஞ்சள் மட்டியும் இருந்த ஆறு அது. சாம்பல் குளத்தை ஒட்டியே வாழும் செப்பாக்கத்து மக்களுக்குக் காற்றடித்தால் சோற்றிலும் சாம்பல்.

ஆறு மேடானால் அதில் ஓடும் நீரும் சீக்கிரம் சூடாகும். அனல்மின் நிலையத்திலிருந்து வெளியேறும் குளிர்விப்பு நீர் வெதுவெதுப்பாக வந்து சேர்கிறது. ஆழமுள்ள ஆற்றில் அது கலந்து ஆறிவிடும். ஆழமில்லாத ஆற்றில் அப்படியே நிற்கும். சாம்பலுக்கு ஒருவர், சூட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியே அனுமதி தந்தார்கள். மீன் குஞ்சுக்கு இரண்டும் ஒருசேர வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கியபோது, ஏற்கெனவே நலிந்த அந்த ஆற்றில்தான் அதுவும் படிந்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவித்த நிவாரணம் 12,500 ரூபாய்.

இடத்தின் கொள்ளளவு என்ற எண்ணம் நம் சட்டத்துக்கே புதியதல்ல. 2010 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மிகவும் மாசடைந்த 43 தொழிற்பகுதிகளைக் குறித்து, அங்கே புதிய திட்டங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தியது. அந்தப் பட்டியலில் மணலி இருந்தது. ஒரு தனி ஆலையின் புகைபோக்கியை விட்டு ஓர் ஊரின் மொத்தக் காற்றையும் நீரையும் மண்ணையும் மதிப்பிட்டு எடுத்த முடிவு அது. எனக்குத் தெரிந்தவரை நம் சூழல் நிர்வாகம் எடுத்த மிகச் சரியான முடிவுகளில் அதுவும் ஒன்று. ஆனால் செயல்திட்டம் என்று ஒரு காகிதம் தாக்கலானதும் தடை படிப்படியாக விலகியது. காற்று மாறியதா என்று பார்த்துவிட்டு விலக்கியிருக்க வேண்டும்.

2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பல் கலந்ததற்கு மின்வாரியம் பொறுப்பு என்று கண்டு, கழிமுகத்தை மீட்கும்படி உத்தரவிட்டது. அதை வரவேற்கிறேன். ஆனால் அதே ஆற்றின் கரையில் புதிய அலகுகளின் வேலை நிற்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டமும் கோப்பில் உயிரோடு இருக்கிறது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் மக்கள் எதிர்ப்பால் அதன் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. மீட்பு ஒரு மேசையில், விரிவாக்கம் மற்றொரு மேசையில்.

3. அணுவைப் பற்றிய நேர்மையான கணக்கு

இனி அணுவுக்கு வருகிறேன். எண்ணூரில் நின்று பேசுகிறவன் இதை மறைக்கக் கூடாது. மேலே சொன்ன 42 லட்சம் டன் சாம்பலுக்குப் பக்கத்தில் கூடங்குளத்தின் ஓர் உலையை வையுங்கள். ஆயிரம் மெகாவாட் உலைக்கு ஓராண்டுக்குத் தேவைப்படும் எரிபொருள் சுமார் 25 டன். புகையில்லை, கந்தகமில்லை, பாதரசமில்லை. நிலக்கரிப் புகை நாட்டில் ஆண்டுதோறும் எத்தனையோ பேரின் ஆயுளைக் குறைக்கிறது. அந்த மரணங்கள் மருத்துவமனைப் பதிவில் இதயநோய் என்றும் சுவாசநோய் என்றும் பிரிந்து போவதால் அவற்றுக்கு ஊர்வலம் நடப்பதில்லை. 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு வரம்பு கொண்டுவந்தார்கள். 2017க்குள் நிறைவேற்ற வேண்டியது பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே தேவையில்லை என்று விலக்கு தந்துவிட்டார்கள். அணு உலைக்கு இப்படி ஒரு விலக்கு தந்தால் நாடே கொதிக்கும். நிலக்கரிக்கு அது செய்தித்தாளின் உள்பக்கச் செய்தி. அணு எதிர்ப்பில் உறுதியாக நிற்கும் என் நண்பர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தீங்கு என்று கேட்டால், இதுவரை நிலக்கரி செய்ததே அதிகம்.

அணுவின் மறுபக்கமும் கணக்கில் வர வேண்டும். கூடங்குளம் ஒப்பந்தம் 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் கையெழுத்திட்டது. முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலையில். கால் நூற்றாண்டு. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு 2004இல் வேலை தொடங்கி, உள்ளகம் நிரப்பும் பணியைப் பிரதமர் முன்னிலையில் 2024 மார்ச்சில்தான் தொடங்கினார்கள். காலநிலை மாற்றத்துக்கு அவசர மருந்து என்று ஒன்றைச் சொன்னால் அது அவசரத்துக்கு வந்து சேர வேண்டும். கடலுக்குப் போகும் சூட்டையும் பாருங்கள். கூடங்குளத்தின் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி அதில் 1,000 மெகாவாட்டை மின்சாரமாக்குகிறது. மீதி 2,000 கடலுக்குள் போகிறது. அனல்மின் நிலையத்தில் ஒரு பகுதி வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும். அணு உலையில் அந்த வழி இல்லை. ஆழ்கடலை ஒட்டிய இடத்தில் இதற்கு ஒரு பொருள், மேடாகிப்போன கழிமுகத்துக்குப் பக்கத்தில் வேறு பொருள்.

அடுக்கி வைக்கும் பழக்கம் அணுத்துறைக்கும் உண்டு. இரண்டு உலைகளுக்காக ஒப்பந்தம் போட்ட கூடங்குளத்தில் இன்று ஆறு உலைகளுக்கான திட்டம் நடக்கிறது. 2011இலும் 2012இலும் இடிந்தகரையில் கூடிய மக்கள் கேட்டது இரண்டு உலைகளைப் பற்றி. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோகம் உள்பட வழக்குகள் பதிவாயின. 2012 செப்டம்பரில் போராட்டத்தின்போது மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலை இயங்க அனுமதித்தது. பதினைந்து நிபந்தனைகளும் விதித்தது. பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பது என்பது அவற்றில் முக்கியமானது. அதற்கான கிடங்கைக் கூடங்குளத்துக்குள்ளேயே அமைக்க 2019இல் கருத்துக்கேட்பு அறிவித்து எதிர்ப்பால் தள்ளிவைத்தார்கள். நிரந்தரமாகப் புதைக்கும் ஆழ்நிலக் கிடங்கு நாட்டில் இன்னும் எங்குமில்லை. எண்ணூரில் சாம்பல் குளத்துக்கு இடம் தேடிய கதைக்கும் இதற்கும் பொருள்தான் வேறு. நிலையம் முன்னே வந்துவிடும், கழிவுக்கான இடம் பின்னே தேடப்படும் என்ற ஒழுங்கு ஒன்றேதான்.

4. தூரமே பாதுகாப்பு

அணுத்துறையிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. உலையைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டருக்குக் குடியிருப்பு இருக்கக் கூடாது. அதற்கு வெளியே ஐந்து கிலோமீட்டர் வரை மக்கள்தொகை பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் வெளியே அவசரகாலத் திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும். கல்பாக்கத்தில் உலை இயங்கும் முன்பே சுற்றுச்சூழல் ஆய்வகம் ஒன்றை அமைத்து, ஊர் நீரிலும் பாலிலும் மீனிலும் மண்ணிலும் முன்பு என்ன இருந்தது என்று அளந்து வைத்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நீரேற்று அறைக்குள் கடல்நீர் புகுந்தபோது இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆனால் அதே அலையில் கல்பாக்கம் குடியிருப்பிலும் அருகிலிருந்த குப்பங்களிலும் உயிர்கள் போயின. உலைக்குத் திட்டமிட்ட கவனம் ஊருக்கு இல்லை.

இவற்றில் ஒன்றாவது எண்ணூரில் உண்டா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. பலர் மயங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இத்தனை ஆபத்தான பொருள்கள் சூழ்ந்த ஊருக்கு ஒத்திகை என்ற ஒன்று பழக்கத்திலேயே இல்லை.

இங்கேதான் எனக்குப் பெருங்கவலை. 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில் சிறு அணு உலைகளுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033க்குள் உள்நாட்டு வடிவமைப்பில் ஐந்து உலைகளாவது இயங்க வேண்டும் என்றார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் 200 மெகாவாட், 55 மெகாவாட் அளவுகளில் வடிவமைத்து வருகிறது. காலாவதியான அனல்மின் நிலையங்களின் இடத்தில் இவற்றை வைக்கலாம் என்பதை அணுசக்தித் துறையே ஒரு பயனாகச் சொல்கிறது. எண்ணூரைக் குறித்துச் சொன்னதல்ல இது. ஆனால் காலாவதியான அனல்மின் நிலையம் என்றால் எப்படிப்பட்ட இடம்? 2017 மார்ச்சில் மூடிய எண்ணூர் நிலையத்தைப் பாருங்கள். மதிலை ஒட்டிக் கத்திவாக்கம், எர்ணாவூர். ஒரு கிலோமீட்டருக்குள் வீடு, பள்ளி, கடைத்தெரு. புகுஷிமா உலை விபத்தின்போது 2011இல் 20 கிலோமீட்டர் வளையத்தைக் காலி செய்தார்கள், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீடிழந்து போனார்கள். எண்ணூரிலிருந்து 20 கிலோமீட்டர் என்றால் ராயபுரமும் வரும், எழும்பூரும் வரும். உலை சிறியது, அதனால் வளையமும் சிறியதாக இருக்கலாம் என்று வாதம் வரும். தூரத்தைச் சுருக்கிவிட்டால் அணுமின்சாரத்தின் பாதுகாப்பு வாதத்தில் பாதி கரைந்துவிடும் என்பதே என் பதில்.

5. பொறுப்பு யாருடையது

2010 சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு இருந்தது. போபால் விஷவாயு விபத்து நம்மை அழவைத்து எழுத வைத்த பிரிவு அது. உலையில் பொருத்திய கருவி பழுதாகி விபத்து நேர்ந்தால், இழப்பீடு கொடுத்த உலை நிர்வாகம் அந்தக் கருவியை விற்ற நிறுவனத்திடம் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அது பிடிக்கவில்லை. புதிய சட்டம் அந்த உரிமையை எடுத்துவிட்டது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்திருப்பது புதிய சட்டத்தின் நன்மை, நெடுநாள் கோரிக்கையும்கூட. ஆனால் கண்காணிப்பவருக்கு அதிகாரம் கொடுத்த அதே கையால், விற்பவரின் பொறுப்பைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். எண்ணூரில் எண்ணெய் படிந்த வலைக்கு 12,500 ரூபாய் வாங்கிய மீனவருக்கு, பொறுப்பு என்ற சொல் சட்டத்தில் எங்கே நிற்கிறது என்பது ஏட்டுக் கேள்வி அன்று. இந்தப் பிரிவு திரும்ப வரும்வரை தமிழ்நாட்டில் புதிய அணு உலைக்கு மாநில அரசு இசையக் கூடாது என்பது என் நிலை. இயங்கும் உலைகளை மூடச் சொல்லவில்லை. கல்பாக்கமும் கூடங்குளமும் தரும் மின்சாரத்தை நாளையே நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்பப்போவது எண்ணூரின் நிலக்கரிதான்.

6. வெயிலுக்கும் காற்றுக்கும் இடம் வேண்டும்

சூரியனும் காற்றும் வந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு சொல். அந்த மாற்றத்தை நானும் மனதார விரும்புகிறேன். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் தொடங்கிய காற்றாலைகள் இன்று மாநிலத்தில் பத்தாயிரம் மெகாவாட்டைக் கடந்துவிட்டன. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்பூங்கா 2016இலேயே வந்தது. ஆனால் ராய்கர்–புகளூர் உயரழுத்தத் தடத்துக்கு எதிராகக் கொங்கு விவசாயிகள் வயலில் உட்கார்ந்து போராடியதை மறக்க வேண்டாம். மின்சாரம் எதிலிருந்து வந்தாலும் யாரோ ஒருவரின் தென்னந்தோப்பைக் கடந்துதான் வருகிறது. மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை என்றால் அங்கும் வலை விரிப்பவர் உண்டு.

நேரச் சிக்கலும் உண்டு. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வெயில் சாய்ந்தபின் சூரிய மின்சாரம் இல்லை, காற்று மே கடைசியில்தான் வலுக்கும். பகலில் மிஞ்சியதை இரவுக்குச் சேமிக்க வேண்டும். கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களிலிருந்து இதைச் செய்கிறது. குந்தாவில் 500 மெகாவாட் கட்டப்பட்டு வருகிறது. மலையில் இதற்கு மேல் இடம் குறைவு. சேமிப்பின் பெரும்பகுதி இனி பேட்டரியாக, நகரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டியிருக்கும்.

7. எண்ணூருக்கு என்ன

இதுவரை சொன்னதிலிருந்து மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். இவை இந்த அவையோடு நின்றுவிடக் கூடாது.

மூடிய எண்ணூர் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் நிலக்கரி அலகு எழுப்பும் திட்டத்தைக் கைவிட்டு, அங்கே மின்சேமிப்பு நிலையம் அமைக்க வேண்டும். நகரத்துக்குள் போகும் மின்தடம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பேட்டரிக்குக் கடல்நீர் வேண்டாம், சாம்பல் குளம் வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு என்பதால் வீடுகளிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். நிலக்கரியிடமும் அணுவிடமும் கேட்கும் கேள்வியைப் பேட்டரியிடமும் கேட்கத்தான் வேண்டும்.

அடுத்து பணம். சுரங்கம் உள்ள மாவட்டங்களுக்கு 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு. தோண்டியெடுத்தவர் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு அந்த ஊருக்கே போகிறது. நிலக்கரியைத் தோண்டிய தால்ச்சேருக்கு உள்ள அந்த உரிமை அதை எரிக்கும் எண்ணூருக்கு இல்லை. யூனிட்டுக்கு ஒரு பைசா ஒதுக்கினாலே, மேலே சொன்ன கணக்கில் ஆண்டுக்குப் பதினேழரைக் கோடி ரூபாய் சேரும். அணு உலைக்கும் காற்றாலைக்கும் இதே விதி பொருந்தட்டும். அந்தப் பணம் முதலில் செல்ல வேண்டியது சாம்பல் படிந்த ஆற்றைத் தூர்வார. செப்பாக்கத்தார் கேட்டால் அவர்களுக்கு நல்ல இடத்தில் வீடு கட்டவும் அதிலிருந்து தர வேண்டும்.

மூன்றாவது கொள்ளளவுச் சட்டம். எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பழவேற்காடு வரை ஒரே நிலமாகக் கொண்டு, அதன் காற்று, நீர்ச்சூடு, ஆற்றின் ஆழம், நிலத்தடி நீரின் உப்பு ஆகிய நான்கையும் ஆண்டு முழுதும் அளந்து வெளியிட வேண்டும். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடியில் உப்பு ஏறி அரை நூற்றாண்டாகிறது. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு, ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று கொண்டால், நாளொன்றுக்கு மூன்றரை லட்சம் யூனிட் மின்சாரம் வேண்டும். நகரத்தின் தாகமும் நகரத்தின் மின்சாரமும் ஒரே மணல்திட்டின் மேல் இப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன. நான்கில் ஏதேனும் ஒன்று வரம்பைத் தாண்டியிருந்தால் புதிய திட்டம் எதுவானாலும், அது துறைமுகமோ உலையோ, பழைய சுமை ஒன்றை முதலில் இறக்கிக் காட்டிய பிறகே அனுமதி கேட்க வர வேண்டும்.

அளப்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலை அமர்த்திய ஆலோசனை நிறுவனம் அளக்கக் கூடாது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் ஒரு பல்கலைக்கழகமும் ஆற்றுப்பாடு உரிமையுள்ள, அதாவது ஆற்றில் முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமையுள்ள குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்தும் சேர்ந்து அளக்கட்டும். ஆழம் பார்க்கக் கயிறு இறக்கும் படகு மீனவருடையதாக இருக்கட்டும். எந்த இடத்தில் எத்தனை பாகம் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். மாதாமாதம் அந்த நான்கு எண்களும் தமிழில் கத்திவாக்கத்திலும் காட்டுப்பள்ளியிலும் மீஞ்சூரிலும் பொது இடத்தில் எழுதி வைக்கப்படட்டும். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மேடையில் இருப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பலகையில் இந்த மாதம் என்ன எண் என்பதே.